மாமா விசாரித்த விமானக் கம்பெனி

எங்கள் ஊரில் விசாரிக்காமல் ஒன்றும் நடக்காது. மாடு வாங்கினாலும் விசாரிப்பார்கள், மாடி வீட்டை வாடகைக்கு விட்டாலும் விசாரிப்பார்கள். கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். ஜாதகம் கைக்கு வந்த மறுநாள் காலையில், மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனை டீக்கடையில் பெண் வீட்டு ஆள் ஒருவர் ஒன்றும் தெரியாதவர் போல டீ குடித்துக்கொண்டிருப்பார். இதிலெல்லாம் தவறே இல்லை. இதே முறையில் நான் ஒரு விமானக் கம்பெனியை விசாரிக்கப் போனேன் பாருங்கள், அதுதான் தவறு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் விமானம் ஓட்டும் உரிமமும் வாங்கியிருந்தேன். (அந்த நாட்களில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸெல்லாம் ஒதுங்கி வழிவிடும் என்ற நினைப்பு.) குருவிகுளம் பக்கம் அப்பாவுக்கு இருந்த கரிசல் நிலம் என் பயிற்சிக்காகக் கைமாறியது. அந்த நிலத்தின் கடைசி விளைச்சல் நான்தான். ஆகவே நான் எந்தக் கம்பெனியில் சேர்கிறேன் என்பது வீட்டு விஷயம்.

கையில் இருந்தது ஒரே ஒரு வேலை. புதிதாக ஆரம்பித்த ஒரு சின்ன கம்பெனி, புரொப்பெல்லர் வைத்த நாலு விமானங்களோடு சின்ன ஊர்களுக்குப் பறந்துகொண்டிருந்தது. உடனே வா என்றார்கள். சேர்ந்தால் சீக்கிரம் கேப்டன் ஆகலாம். ஆனால் சில வருஷங்களுக்கு விலக மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். இன்னொரு பக்கம் ஒரு பெரிய கம்பெனி, என்னைத் தேர்வு செய்துவிட்டு, "கூப்பிடும்போது வா" என்று வரிசையில் நிறுத்தியிருந்தது. பெரிய ஜெட், பெரிய பெயர். எப்போது கூப்பிடுவார்கள் என்று மட்டும் அவர்களுக்கே தெரியாது. வளைகுடா நாட்டுக் கம்பெனிகளோ, பறந்த அனுபவம் இருந்தால்தான் வேலை என்றன. வேலை இருந்தால்தானே அனுபவம்!

சின்ன கம்பெனிக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா விசைத்தறியை நிறுத்தாமலே கருத்துச் சொன்னார். "புது வியாபாரி முதல் பாவு நூலுக்கு நல்ல கூலிதான் குடுப்பான். ரெண்டாவது பாவுக்குத்தான் அவன் ஆளு யாருன்னு தெரியும்." என்னோடு படித்த ஒருத்தி, வேறொரு புதுக் கம்பெனி மூடிய செய்தியை அதன் விமானிகளே டி.வி.யில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள் என்று போனில் சொன்னாள். எனக்கு ஜுரமே வந்துவிட்டது.

அப்போதுதான் முப்பிடாதி மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எங்கள் உறவில் எந்தக் கல்யாணத்துக்கும் மாப்பிள்ளையை விசாரிப்பவர் அவர்தான். கொடியில் காயும் துணியையும் வாசலில் கிடக்கும் செருப்பையும் பார்த்தே குடும்பத்தை எடைபோட்டுவிடுவார்.

"கம்பெனின்னா என்ன, மாப்பிள்ளைன்னா என்ன? வாழப்போறது நம்ம பிள்ளைல்லா. விசாரிச்சிருவோம்" என்றார்.

"மாமா, இது வேற. இதுக்கெல்லாம் கம்பெனியோட நிதி நிலைமை, பராமரிப்பு..."

"ஏட்டி, கேளு. மூணே விஷயம். நாம யாருன்னு சொல்லக் கூடாது. அந்த வீட்டுக்காரன்கிட்ட நேராக் கேக்கக் கூடாது. ஒரே கேள்விய ரெண்டு பேருட்ட கேக்கணும். பதில் ஒத்துப்போச்சுன்னா உண்மை."

படித்த பெண்ணான நான் இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். எனக்கோ அது பெரிய ஆய்வு முறையாகத் தோன்றியது. அந்தக் கம்பெனியின் விமானத்தில் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் பயணியாகப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். "மாப்பிள்ளை வீடு பாக்கப் போகும்போது பொம்பள ஆள் வேண்டாமா?" என்று அம்மாவும் கிளம்பினாள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு பை நிறையப் புளியங்குடி எலுமிச்சம்பழம் வேறு.

விமானத்தில் ஏறியதுமே மாமா வேலையைத் தொடங்கினார். மேலே சாமான் வைக்கும் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஜன்னல் ஓரத்தை விரலால் தடவித் தூசி இருக்கிறதா என்று பார்த்தார். புரொப்பெல்லரைப் பல கோணங்களில் படம் எடுத்தார். பிறகு, அப்பாவுக்குப் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ். மாமாவுக்கு ரகசியக் குரல் என்று ஒன்று கிடையாது. "அத்தான், உள்ள வந்துட்டோம். ஓட்டுதது ரெண்டே பேருதான், வயசுப் பையலுவ. முன்னால இருக்க கதவு சின்னதுதான். ஒரு தள்ளு தள்ளுனா திறந்துரும் போலிருக்கு."

விமானம் கிளம்பியது. புரொப்பெல்லர் இரைச்சலில் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ள, அம்மா மட்டும், "நம்ம தறி மாதிரியே இருக்குல்லா" என்று சொல்லி நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

நான் தூங்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்த ஸ்டெல்லா என்ற பணிப்பெண்ணிடம் ஆரம்பித்தேன். பைலட்டுகள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பறக்கிறார்கள்? திரும்பிப் போவதும் இவர்களேதானா? களைப்பாக இருப்பார்களா? கீழே பெட்டிகளை ஏற்றுவது கம்பெனி ஆட்களா, வெளி ஆட்களா? அந்தப் பெண் சிரித்தபடியே பதில் சொன்னாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியதை நான் கவனித்திருக்க வேண்டும். கடைசியாக, "ஒரு பைலட் பாத்ரூம் போக வெளிய வந்தா உள்ள யாரு இருப்பாங்க? கதவ எப்படித் திறப்பாங்க?" என்று கேட்டேன்.

விமானப் பாதுகாப்புப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். பயணி ஒருவர் கேட்கவே கூடாத கேள்வி எது என்று பக்கம் பக்கமாக எழுதியவள். பணிப்பெண்களுக்கு நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறார்களா என்று சோதித்தேனாம். (ஆமா, பெரிய இவ!) அதோடு விட்டேனா? மாமாவின் மூன்றாவது விதிப்படி, பின்னால் இருந்த இன்னொரு பணிப்பெண்ணிடமும் போய் அதே கேள்வியைக் கேட்டேன்.

பதில்கள் ஒத்துப்போயின. இருவருமே பதில் சொல்லவில்லை. இருவரும் பின்னால் போய்ப் பேசிக்கொண்டார்கள். நல்ல பயிற்சிதான் கொடுத்திருக்கிறார்கள் என்று திருப்தியாக உட்கார்ந்தேன்.

சென்னையில் எல்லோரும் இறங்கினார்கள். எங்கள் மூவரை மட்டும் இருக்கச் சொன்னார்கள்.

"பாத்தியா, மரியாத தெரிஞ்ச கம்பெனி. தனியாக் கவனிக்காங்க" என்றார் மாமா.

அதற்குள் சீருடைக்காரர்கள் ஏறினார்கள்.

ஒரு சின்ன அறை. எதிரே ஒரு பெண் அதிகாரி. மேஜை மேல் மாமாவின் போன். "ஒரு தள்ளு தள்ளுனா திறந்துரும் போலிருக்கு" என்று அது அந்த அறை முழுக்கப் பேசியது. அடுத்து அப்பாவின் பதில்: "பின்கதவு எப்படி இருக்குன்னும் பாத்துரு."

"யாரு நீங்க? எதுக்கு இதெல்லாம் கேட்டீங்க?" என்றார் அதிகாரி.

மாமா முதல் விதியைக் காப்பாற்றினார். "சும்மா... வழிப்போக்கர்தான்."

"மாமா!" என்று கத்திவிட்டேன். "மேடம், நான் பைலட். இந்தக் கம்பெனியில எனக்கு வேலை கிடைச்சிருக்கு. சேரலாமான்னு விசாரிக்க வந்தோம்."

அதிகாரி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தப் பொய்க்கு என்ன மதிப்பெண் போடலாம் என்று யோசிப்பது போல் இருந்தது.

விமானத்தை ஓட்டிவந்த கேப்டனை அழைத்தார்கள். நரைத்த மீசை, கோயம்புத்தூர்ப் பேச்சு. (பக்கத்தில் இருந்தவர் இளைஞர்தான். மாமா அவரை மட்டும் பார்த்துவிட்டு "வயசுப் பையலுவ" என்று பன்மையில் முடிவு கட்டியிருக்கிறார்.) கேப்டன் அலுவலகத்துக்குப் போன் செய்து என் பெயரை உறுதி செய்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க, இதையெல்லாம் எங்க ஆபீஸ்ல கேட்டிருக்கலாமே?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் மாமா முந்தினார். "எந்த வீட்டுலயா 'எம் பையன் குடிப்பான்'னு அவங்களே சொல்லுதாங்க?"

கேப்டன் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, குடிக்கிற பையனே வந்திருக்கேன். கேளுங்க."

அத்தனை நேரம் கேள்வியாகக் கேட்டவளுக்கு இப்போது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. "கம்பெனி நிக்குமா சார்?"

"தெரியலீங்க" என்றார். "நிக்கணும்னுதான் எல்லாரும் ஓடுறோம். நான் பெரிய கம்பெனியில ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்தவன். அங்க நான் ஒரு நாள் வரலைன்னா எவனுக்கும் தெரியாது. இங்க இருக்கறதே நாலு ப்ளேனுங்க. அதுல ஒண்ணு இப்ப உங்களால நின்னுட்டு இருக்குது. தூத்துக்குடி போற சனம் அங்க உக்காந்துட்டு இருக்காங்க. அங்கிருந்து கிளம்ப வேண்டியவங்களும்தான். இன்னிக்குப் பூரா எங்க கம்பெனியே லேட்டு."

எனக்கு அவமானமாகப் போயிற்று. அதற்குள்ளேயே ஓர் ஓரத்தில், வெட்கமில்லாமல், ஓர் ஆசையும் எட்டிப் பார்த்தது. நான் ஒருத்தி தப்புச் செய்தால் ஒரு கம்பெனியே தாமதமாகும் என்றால், ஒழுங்காக வேலை செய்தால்?

அம்மா மட்டும் வேறெதையோ யோசித்திருக்கிறாள். "தம்பி, எங்களால உங்க சாப்பாடும் போச்சோ?" என்று ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் மரியாதையாக வைத்தாள். கேப்டன் முதல் முறையாகச் சிரித்தார். எழுந்து போகும்போது என்னிடம், "விமான நிலையத்துக்குள்ள வேலை பாக்க போலீஸ் விசாரணை உண்டு, தெரியுமில்ல? இனி விசாரிக்கறது எங்க முறைங்க" என்றார்.

ஊர் திரும்பியதும் சேர்கிறேன் என்று பதில் அனுப்பினேன். ஆனால் என்னை அவர்கள் இனி சேர்ப்பார்களா? போலீஸ் என்ன எழுதும்? என் பெயர் வந்தாலே அந்தச் சின்ன அறையும் கூடவே வருமே! நிலத்தை விற்ற அப்பா தறியைப் பார்த்தபடியே நின்றார்.

சில நாள் கழித்து, சாதாரணச் சட்டையில் ஒருவர் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு வந்திருக்கிறார். டீ வாங்கிக்கொண்டு, "இங்கன கோமதின்னு ஒரு பிள்ளை இருக்காமே. எப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

கடைக்கார அண்ணாச்சி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "தங்கமான பிள்ளைவே. குனிஞ்ச தல நிமிராது. வீட்ட விட்டு வெளிய வராது. மீன் குழம்பு வச்சா தெருவே மணக்கும்."

"பைலட்டுன்னு சொன்னாங்களே?"

"அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுரும்வே!"

வந்தவர் போலீஸ்காரர். எங்கள் வீட்டு வாசலில் வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு மீன் குழம்பு வைக்கவே தெரியாது. யார் வந்து கேட்டாலும் இப்படிச் சொல்ல வேண்டும் என்று அண்ணாச்சிக்கு எப்போதோ பாடம் நடத்தி வைத்திருந்தவர் முப்பிடாதி மாமா.

"அப்படின்னா மாமா, இத்தனை வருஷமா நீங்க போய்க் கேட்ட டீக்கடையில எல்லாம்...?" என்றேன்.

மாமா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "அத விடு. போலீஸுக்குக் காப்பி குடு."

போலீஸ்காரர் என்ன எழுதினாரோ, என் மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று போயிற்று. கம்பெனியும் கூப்பிட்டது. இன்று அதே புரொப்பெல்லர் விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். கம்பெனி நிற்கிறது. நானும் மற்றவர்களோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறேன். பெரிய கம்பெனியிலிருந்து நடுவில் ஒரு நாள் அழைப்பு வந்தது. "போய் விசாரிக்கவா?" என்று மாமா ஆவலாகச் செருப்பை மாட்டினார். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

அண்ணாச்சி கொடுத்த நற்சான்றிதழ் மட்டும் என்னை விடவில்லை. ஒவ்வொரு முறை நான் வேலைக்குக் கிளம்பும்போதும் மாமாவிடமிருந்து ஒரு போன் வரும். குசலம் எல்லாம் கேட்டுவிட்டு, வைப்பதற்கு முன்னால் சொல்வார்:

"ஏட்டி கோமதி, ப்ளேன் ஓட்டும்போதாவது கொஞ்சம் தலைய நிமித்திப் பாத்துக்கோ."