அம்மாவின் மாத்திரையும் மாமாவின் சேவலும்

சந்தேகப்படுவதற்கென்று ஒரு பரீட்சை வைத்திருந்தால், ராமநாதபுரம் ஜில்லாவிலேயே நான்தான் முதலாவதாகத் தேறியிருப்பேன். யுத்தம் முடிந்த சமயம் அது. அரிசியில் கல், பாலில் தண்ணீர், மண்ணெண்ணெயில் என்னவோ என்று எல்லோருக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. எனக்கோ கடைக்காரர் சிரித்தால்கூட எடை குறைகிறது என்று தோன்றும். எட்டாம் வகுப்பு தேறி, பரளச்சியில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். (இருபத்து மூன்று வயதில் தலை கனக்க இது போதாதா?)

அப்பா இல்லாத வீடு. அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று முகம் சிவந்து, ரவிக்கை நனைகிற அளவுக்கு வியர்த்துக் கொட்டும். பனையோலை விசிறியைக் கீழே வைக்க மாட்டாள். சரியான தூக்கமும் இல்லை. கடைசியில் அவளாகவே அருப்புக்கோட்டை லேடி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா என்னை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து அம்மா ஒரு சின்னப் புட்டியோடு வெளியே வந்தாள். உள்ளே வெள்ளை மாத்திரைகள், ஐம்பதுக்குக் குறையாது. என்ன மருந்து என்று கேட்டேன்.

"அது பொம்பளைக வெவகாரம்யா. நீ பஸ்ஸப் பாரு" என்றாள்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. பெற்ற மகனிடமே சொல்லக் கூடாத மருந்தா? போதாக்குறைக்கு, சிப்பாய்களுக்குப் போக மிஞ்சின மருந்தையெல்லாம் இப்போது நம் ஆட்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று பஸ்ஸில் ஒருவர் சொல்லிக்கொண்டு வந்தார். புட்டியின் மேல் இருந்த இங்கிலீஷ் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. எனக்கே வாசிக்க வராத மருந்து நல்ல மருந்தாக இருக்க முடியாது என்று முடிவு கட்டினேன்.

அம்மா எட்டு நாள் சாப்பிட்டிருப்பாள். ஒன்பதாம் நாள் புட்டியை வாங்கி என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பரீட்சை செய்து பார்க்காமல் இனி ஒரு மாத்திரைகூடச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை சொல்லுகிறான். அம்மா விசிறியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

எங்கள் பக்கத்தில் புதுக் கிணறு வெட்டினால் முதல் தண்ணீரைக் கோழிக்கு வைப்பார்கள். மறுநாள் அது கொக்கரித்துக்கொண்டு திரிந்தால் மனிதர்கள் குடிக்கலாம். கிணற்றுக்குச் சரியாக இருக்கிற பரீட்சை மாத்திரைக்கு மட்டும் ஆகாதா? வீட்டில் இருந்த இரண்டு பெட்டைகளும் அடையில் உட்கார்ந்திருந்தன. பாக்கி ஒரு சேவல். அதுவும் எங்களுடையது இல்லை, அம்மாவின் தம்பியான மல்லாங்கிணற்று மாமாவுடையது. ஜவுளி மூட்டையோடு ஊர் ஊராகப் போகிறவர் ஆகையால், சேவல் சண்டைக்கு வளர்த்த அந்த வீரனை எங்கள் வீட்டில் விட்டுவைத்திருந்தார். அதற்குத் தினமும் ஊறவைத்த பாதாம் பருப்பு உண்டு. (எனக்குக் கிடையாது.)

தினம் ஒரு மாத்திரையைப் பொடி செய்து கம்போடு கலந்து வைத்தேன். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எனவே இரண்டாக்கினேன். இரண்டாவது வாரம் கூவுவது நின்றது. மூன்றாவது வாரம், செக்கச் செவேல் என்று நிமிர்ந்து நின்ற கொண்டை சுருங்கி வெளுத்துவிட்டது. அடுத்த வீட்டுச் சேவல் வேலியேறி வந்து வம்புக்கு இழுத்தால், நம் வீரன் மரியாதையாக வழிவிட்டான். ஒரு நாள் நிழலில் சப்பணமிட்டவன் மாதிரி அமர்ந்திருந்தான். முதுகில் ஒரு கோழிக்குஞ்சு ஏறி நின்றுகொண்டிருந்தது.

இடையில் வந்த மாமா அதைப் பார்த்து மலைத்துப் போனார். கீழத்தெருவில் தன்னிடம் தோற்ற ஒருவன்தான் செய்வினை வைத்துவிட்டான் என்று அடித்துச் சொன்னார். எலுமிச்சம்பழம் வாங்கிவந்து நாலு திசையிலும் பிழிந்தார். பழம் நறுக்க நான்தான் கத்தி எடுத்துக் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஏக சந்தோஷம். சேவலுக்கே இந்தக் கதி என்றால் அம்மா என்ன ஆகியிருப்பாள்? நான் அல்லவா காப்பாற்றினேன்.

அந்த மூன்று வாரமும் அம்மா மாத்திரை இல்லாமல் இருந்தாள். அடுப்படியிலிருந்து எழுந்து எழுந்து வெளியே வந்து மூச்சு வாங்குவாள். ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொள்வாள். ஒரே ஒரு முறை, "அந்த எட்டு நாளும் கொஞ்சம் தேவலையா இருந்துச்சுய்யா" என்றாள். அதையும் சந்தேகப்பட்டேன். எட்டு நாளில் கேட்கிற மருந்தை யார் நம்புவது?

சாட்சியைக் கூடையில் போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, கரிப்புகை விட்டு ஓடும் பஸ்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் வரிசையில் இருந்த பெண்களைத் தாண்டி நேரே உள்ளே போய், மேஜை மேல் சேவலை எடுத்து வைத்தேன். அது ஓடவும் இல்லை, படபடக்கவும் இல்லை. நீங்கள் தந்த மருந்து செய்த வேலையைப் பாருங்கள் என்று வக்கீல் மாதிரி நின்றேன்.

டாக்டரம்மா கொண்டையை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நர்ஸம்மா சிரித்தார். விஷயம் தெரியாமலே வாசலில் இருந்த வரிசையும் சிரித்தது.

பெண் உடம்பில் இயற்கையாக ஊறுகிற சத்து ஒன்று, மாதவிலக்கு நிற்கும் வயதில் குறைந்துவிடுமாம். அம்மாவின் சூட்டுக்கும் வியர்வைக்கும் அதுதான் காரணமாம். அந்தச் சத்துக்கு ஈடாகத்தான் இந்த மாத்திரையாம். சேவலுக்கு அதைக் கொடுத்தால் அது பாதிக் கோழியாகாமல் வேறு என்ன ஆகும் என்று கேட்டார். பிறகு அவர் முகம் மாறியது.

"உங்கம்மாவ நான் முழுசா சோதிச்சு, மார்ல கட்டி இருக்கா, ரத்தப்போக்கு உண்டா, காமாலை வந்துருக்கான்னு எல்லாம் கேட்டுட்டுத்தான் எழுதினேன். இந்தச் சேவல நான் பார்க்கவே இல்லையே தம்பி. ஒருத்தருக்கு எழுதினத இன்னொருத்தர் தொடலாமா?"

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்று, இருபத்தொரு நாள், அப்புறம் ஒரு வாரம் நிறுத்தி வந்து காட்ட வேண்டும் என்றார். நடுவில் ரத்தம் பட்டாலோ மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். தன்னைக் கேட்காமல் கூட்டவும் கூடாது, மாதக்கணக்கில் நீட்டவும் கூடாது. இதையெல்லாம் அம்மாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தாராம். என்னிடமும் சொன்னபோது அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தோம். அம்மா வேப்பமர நிழலில் நின்றாள். வியர்வை வழிந்து தாடையில் சொட்டியது.

"சேவலுக்கு என்ன செய்யுதுன்னு தெனமும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தியே. எனக்கு என்ன செய்யுதுன்னு ஒரு நா கேட்டியாய்யா?"

அவமானமாக இருந்தது. உலகத்தையே துருவித் துருவிக் கேட்டவன், அவளை மட்டும் கேட்கவில்லை.

டாக்டரம்மா தந்த புதுப் புட்டியை அம்மாவே வைத்துக்கொண்டாள். மாதம் தவறாமல் கூட்டிப் போனேன். அம்மாவுக்குத் தூக்கம் வந்தது. இரண்டு மூன்று மாதத்தில் சேவலுக்கும் கொண்டை சிவந்து, கூவலும் வந்தது. மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். எலுமிச்சம்பழம் வீணானதற்காகவே ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

அன்று முதல் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், உடம்பு எப்படி இருக்கிறது என்று அம்மாவைக் கேட்பேன். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "மொதல்ல சேவலக் கேட்டுட்டு வா" என்பாள். எண்பது தாண்டி, படுக்கையில் கிடந்த கடைசி நாட்களிலும் அதே பதில்தான். இன்று என்னை யாராவது நலம் விசாரித்தால் என் பேரன் பேத்திகள் என்னைப் பதில் சொல்ல விடுவதில்லை. சேவலைக் கேட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.