இஸ்பேட் ராணியும் என் கோடை விடுமுறையும்

இனிமேல் பெரிலோடு ஜோடி சேர்ந்து பிரிட்ஜ் ஆடுவதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணம் தொடரும். சீட்டில் மட்டும் விவாகரத்து.

காரணம், சட்டம். பிரிட்ஜில் நான் போடும் சீட்டாலேயே என் ஜோடிக்குச் சேதி சொல்லலாம். ஆனால் ரகசியம் கூடாது. எதிராளி கேட்டால் என் ஜோடி அர்த்தம் சொல்லியாக வேண்டும். பேசி வைத்ததை மட்டுமல்ல, பழகித் தெரிந்துகொண்டதையும். பெரில் சட்டத்தை மதிப்பவள்.

"பெரிய சீட்டு போட்டா, இதையே திரும்ப இறக்குன்னு அர்த்தம்," என்பாள். "ஆனா பாதி நாள் கண்ணாடியை வீட்லயே வெச்சுட்டு வந்துடுவார். அப்போ கையில அகப்பட்டதுதான் சேதி. இன்னிக்கும் கண்ணாடி இல்ல."

கிளப்பே சிரிக்கும். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கோடைப் போட்டியில் எதிரெதிராக ஆடுவோம் என்று பந்தயம் கட்டினேன். நான் ஜெயித்தால் விடுமுறைக்கு ஸ்காட்லாந்து. ஆறு, தூண்டில், நிம்மதி. அவள் ஜெயித்தால் போர்ன்மத்தில் அவள் அக்கா ஹில்டா வீடு. ஹில்டா காலை டீயோடு தன் மூட்டுவலிப் பேச்சைத் தொடங்கினால், அது இரவுச் சாப்பாட்டுக்குத்தான் இடுப்புக்கு ஏறும்.

பெரில் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் எனிட் என்பவளைத் தன் ஜோடியாகப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பக்கத்து வீட்டு கிளெமென்ட். பொய் சொல்லவே வராத மனிதர். அதற்காகவே அவரைச் சேர்த்தேன்.

கடைசி ஆட்டம். மேலே இருப்பது நாங்கள், ஒரு நூலளவு. இஸ்பேட் ராணி யாரிடம் என்று தெரிந்தால் பெரில் ஜெயிப்பாள். ராணி என்னிடம். நான் இஸ்பேட் ஒன்பதை அலட்சியமாக வீசினேன். பெரிலோடு ஆடியதற்கு நேர்மாறாக, கிளெமென்ட்டோடு என் ஏற்பாட்டில் பெரிய சீட்டுக்கு "என்னிடம் இஸ்பேட்டில் ஒன்றுமில்லை" என்று அர்த்தம். சுத்தப் பொய். ஜோடியையும் சேர்த்து ஏமாற்றினால் அது குற்றமில்லை, சாமர்த்தியம்.

பெரில் கிளெமென்ட்டிடம் அர்த்தம் கேட்டாள். அவர் முழு நேர்மையோடு, இவரிடம் இஸ்பேட்டில் சரக்கில்லை என்றார். நான் மனதுக்குள் தூண்டிலுக்குப் புழு மாட்டினேன்.

பெரில் என்னை ஒரு தடவை பார்த்தாள். நேராக வந்து என் ராணியைப் பிடித்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்குக் காரில் வரும்போது கேட்டேன். "கிளெமென்ட் சரியாத்தானே சொன்னார்? அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அவர் சொன்னது சரி. உங்க சீட்டுதான் பொய். பொய் சொல்றப்ப நீங்க ஒண்ணு பண்ணுவீங்க. கல்யாணமான புதுசுலயே பாத்துட்டேன்."

"பழகித் தெரிஞ்சதையும் சொல்லணும்னு சட்டம் இருக்கே?"

"ஜோடியா ஆடினா எதிராளிகிட்ட சொல்லணும். எதிராளியா ஆடினா யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். என்னைக் கொண்டுபோய் எதிர்ல உட்கார வெச்சது நீங்கதான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சரி, அப்படி என்னதான் பண்றேன்? அதையாவது சொல்லேன்."

"சொல்லிட்டா, அடுத்த வருஷம் நான் எப்படி ஹில்டா வீட்டுக்குப் போறது?"