நிற்காத ஃபேனும் நான் வெட்டிய சிவப்பு வயரும்

அம்பிட்டிய, கண்டி.
புதன்கிழமை காலை

அன்புள்ள மைத்துனர் ரிஷிகேசனுக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் உமது அக்கா றஞ்சனாவும் இங்கே சுகம். உமது சுகமும், உமது துணைவி தனுஷியாவின் சுகமும், கொக்குவிலில் நீங்கள் கட்டி முடித்திருக்கும் புது வீட்டின் சுகமும் அறிய ஆவல். இதைத் தொலைபேசியில் சொல்லலாமே என்று நீர் நினைப்பீர். முப்பத்தொரு வருஷம் தபால் அதிபராக இருந்தவன் முக்கியமான விஷயத்தைக் காற்றில் விடமாட்டான். தவிரவும், தொலைபேசியில் பேசினால் உமது அக்கா பக்கத்தில் நின்று திருத்துவா.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் உமது வீட்டுக் குடிபூரலுக்கு நான் எங்கள் காரிலேயே, நானே ஓட்டிக்கொண்டு வருவதாக முடிவு செய்திருக்கிறேன். உமது அக்காவோ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யாழ்ப்பாண பஸ்ஸில் இரண்டு சீற் பதிந்துவிட்டா. ஏன் என்று கேட்டால், "இஞ்சேருங்கோ, அந்தக் காரில அவ்வளவு தூரம் வேண்டாம்" என்பதோடு சரி, காரணம் சொல்லமாட்டா. காரணம் எனக்குத் தெரியாதா. எல்லாம் காரின் அந்த ஃபேன் சத்தம்தான். எனக்கு அறுபத்தெட்டு வயது. தபால் கந்தோரையும் முத்திரையையும் கொடுத்துவிட்டு வந்தபின் என் கையில் மிச்சமிருக்கும் ஒரே உத்தியோகம் அந்த ஸ்ரியறிங். அதையும் பறித்து என்னைப் பஸ்ஸில் இருத்தினால் நான் தாங்கமாட்டேன், உண்மையாகத்தான் சொல்கிறேன். நீர் கார் திருத்தும் கராச் வைத்திருக்கிறவர். உமது பேச்சை அவ தட்டமாட்டா. ஆகவே கீழே நான் நிரூபித்திருப்பதை வாசித்துவிட்டு, "அத்தான் கார் ஓடலாம்" என்று அவவுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

போன தை மாதத்திலிருந்து எங்கள் காரின் எஞ்சினைக் குளிரவைக்கிற றேடியேற்றர் ஃபேன் ஓய்வதே இல்லை. எஞ்சின் சில்லென்றிருக்கும் விடியற்காலையிலும் திறப்பைத் திருப்பியவுடன் உர்ரென்று தொடங்கும், திறப்பை எடுத்தால்தான் நிற்கும். கோயில் வாசலில் நிறுத்தினால் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறார். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, போன கிழமை களத்தில் இறங்கினேன். காணாமற்போன பதிவுத் தபாலைத் தேட எங்களிடம் ஒரு முறை உண்டு. கடைசியாகக் கையெழுத்து வைத்தவனில் தொடங்கி ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போகவேண்டும். அப்படியே போனேன். ஏசி போட்டால் ஃபேன் ஓடுவது நியாயம், ஆகவே ஏசியை அணைத்தேன், அப்போதும் ஓடியது. தண்ணீர் குறைந்து எஞ்சின் சூடாகிறதோ என்று காலையில் மூடியைத் திறந்து பார்த்தேன், கழுத்துவரை நின்றது. அடுத்த சந்தேகம் ரிலே, ஃபேனுக்குக் கரண்டைத் திறந்து மூடுகிற சின்னக் கறுப்புப் பெட்டி. அது ஒட்டிக்கொண்டால் ஃபேன் நிற்காது என்று யூரியூப்பில் மூன்று மொழிகளிலும் சொல்கிறார்கள். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புதிது வாங்க அக்குறணைக்குப் போனேன். அங்கே உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ருஷ்தி அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "இதக் கழட்டிட்டு எதுல சேர் வந்தீங்க?" என்றார்.

"காரிலதான்."

"ஃபேன் ஓடிச்சா?"

"ஓம், வழி முழுக்க ஓடினது."

"அப்ப ரிலேல பிழை இல்ல சேர். வேற எங்கேயோ இருந்து கரண்ட் வருது. புதுசா வயர் ஏதும் இருந்தா, யாரு போட்டாங்கன்னு கேட்டுட்டுக் கைய வைங்க."

முதல் பாதி நல்ல யோசனை, நானும் அதே நிமிஷம் அதைத்தான் நினைத்தேன். இரண்டாம் பாதியை நான் பெரிதாக எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஃபேனிலிருந்து பின்னோக்கித் தடவிக்கொண்டு போனால், பற்றரிக்குக் கீழே, கறுப்பு ரேப் சுற்றி ஒளித்து, ஒரு சிவப்பு வயர். ஜப்பான்காரன் இப்படி வயர் இழுக்கமாட்டான். யாரோ ஒரு அரைகுறை மெக்கானிக் பாஸ், சூட்டைப் பார்க்கிற சென்சரையும் ரிலேயையும் சுற்றிக்கொண்டு ஃபேனுக்கு நேரே கரண்ட் கொடுத்திருக்கிறான். இந்த வேலையைச் செய்தவனைக் கராச்சில் தேத்தண்ணி ஊற்றக்கூட வைத்திருக்கக்கூடாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். இன்று காலை ரிலேயைப் பழைய இடத்தில் பூட்டிவிட்டு, நல்ல நேரம் பார்த்து அந்த வயரை வெட்டினேன். திறப்பைத் திருப்பினேன். ஒரு சத்தமில்லை. சந்திவரை போய் வந்தேன், ரோட்டோரக் குருவிகள் கத்துவது பத்து மாதத்துக்குப் பிறகு கேட்டது. அக்கா சந்தைக்குப் போயிருக்கிறா. இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகிற வழியில் அவவை ஏற்றிக்கொண்டு, சத்தமில்லாத காரில் கூட்டிவரப் போகிறேன். பஸ் சீற்றை அவவே வேண்டாமென்பா.

புது வீட்டில் உங்கள் இருவருக்கும் நோய்நொடி அண்டாமல் இருக்க வாழ்த்துகள். தனுஷியாவுக்கு என் விசாரிப்பு. கார் நிறுத்த வாசலில் நிழலாக ஓரிடம் பார்த்து வையும்.

இப்படிக்கு,
அத்தான் திருச்செல்வம்
(ஓய்வுபெற்ற தபால் அதிபர், ஓய்வுபெறாத சாரதி)

பி.கு.: மேலே உள்ளதை வாசிக்கவேண்டாம். வாசித்திருந்தால் மன்னியும், முக்கியமாக அந்தத் தேத்தண்ணி விஷயத்தை. கிழித்திருப்பேன், ஆனால் முத்திரை ஒட்டியாகிவிட்டது.

அக்காவைச் சந்தையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். குளத்தடியில் பள்ளிக்கூடம் விடுகிற நெரிசல், கார் அசையவில்லை. "என்ன, சத்தத்தைக் காணேல்லை?" என்றா. நடந்ததைச் சொன்னேன். "ஐயோ, அது ரிஷி போட்ட வயரெல்லோ, எஞ்சினை நிப்பாட்டுங்கோ" என்று அவ கத்தவும் பொனற்றிலிருந்து ஆவி கிளம்பவும் சரியாக இருந்தது. அவ கத்தியபடியால் உடனே நிப்பாட்டினேன், எஞ்சின் தப்பியது.

கார் ஆறும்வரை குளக்கட்டில் மரக்கறிப் பையோடு இருந்து எல்லாவற்றையும் சொன்னா. போன மார்கழியில் பலகடுவ ஏற்றத்தில் கார் கொதித்து நின்றதை மேலே எழுத மறந்துவிட்டேன். பொங்கலுக்கு வந்த நீர், சூட்டை அறிகிற சென்சர் செத்துப்போனதைக் கண்டு, பொருத்தமானது கிடைக்காதபடியால் அந்த வயரை இழுத்தீராம். அத்தான் கதைத்துக்கொண்டே கார் ஓடுவார், சூடு காட்டுகிற ஊசியைப் பார்க்கமாட்டார் என்றும் சொன்னீராம். இன்றைக்கும் நான் பார்க்கவில்லை. ஏன் எனக்கு மறைத்தனீர் என்று அவவைக் கேட்டேன். "சொன்னா நீங்கள் மனம் நொந்து காரைத் தொடமாட்டீங்கள். பிறகு வீட்டுக்குள்ளயே இருந்திடுவீங்கள். எனக்கு அந்தச் சத்தம் பெரிசில்லை" என்றா. எனக்கு வெட்கமாக இருந்தது ரிஷி, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

குடிபூரலுக்குப் பஸ்ஸில் வருகிறோம். திரும்பும்போது நீரும் எங்களோடு வந்து அந்த வயரைப் பழையபடி பூட்டிவிடும். இந்த முறை எனக்குத் தெரியவே பூட்டலாம். தெரிந்தாலும் அத்தான் கார் ஓடுவதை விடமாட்டார் என்று அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லும்.