சைனா பாய் வீட்டுச் சாப்பாட்டுச் சட்டம்

டெக்சாஸ் மாநிலத்தில் சீன மொழியைத் திருநெல்வேலி மேலப்பாளையத்து ராகத்தில் பேசிய மனிதர் ஒருவரே இருந்தார்; இனியொருவர் தோன்றுவார் என்றும் நான் நம்பவில்லை. பிளானோ நகரில் நான் மளிகைக்கடை நடத்திவந்த காலத்தில் எங்கள் அனைவருக்கும் அவர் ‘சைனா பாய்’. இயற்பெயர் அலுவலகத்தில் மட்டுமே வழங்கியது.

அந்த இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டில் கணினி நிறுவனங்கள் ஆட்களைக் கூட்டங்கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. பாயின் நிறுவனத்திலோ, ஷாங்காய் கிளைக்குக் குடும்பத்தோடு செல்ல இசைபவருக்கு மட்டும் வேலை நிலைக்கும் என்றார்கள். “உங்களுக்குச் சீன மொழி தெரியுமா?” என்று மேலாளர் வினவ, பாய் சற்றும் தயங்காமல், “என் குடும்பமே பேசும்” என்று சொல்லிவிட்டார். அன்றைய நிலையில் அக்குடும்பத்தில் எவருக்கும் ஒரு சொல்கூடத் தெரியாது.

“இப்படிப் பச்சையாப் பொய் சொல்லிட்டீங்களே பாய்!” என்றேன்.

“பொய் இல்ல அண்ணாச்சி. அட்வான்ஸா சொன்ன உண்மை. மூணு மாசத்துல ஷாங்காய் ஆபீசர் நம்ம பேச்சைப் பாக்க வீட்டுக்கு டின்னருக்கு வர்றாரு. அதுக்குள்ள நிஜமாக்கிருவோம்லா!”

சனிக்கிழமைதோறும் சிறுவர்களுக்கு நடந்த சீன வகுப்பில் மகளைச் சேர்த்தார், தாமும் சேர்ந்தார். குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையை இடிக்க அமர்ந்திருப்பார். “புரிந்ததா?” என்று ஆசிரியை கேட்டால், நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார். அதை ‘இல்லை’ என்று கொண்ட ஆசிரியை, பாடத்தை முதலிலிருந்து தொடங்குவார். வகுப்புச் சிறுவர்கள் முனகுவார்கள்.

அடுத்து, வீட்டில் ஒரு சட்டம் பிறப்பித்தார்: சீன மொழியில் பெயர் சொல்லிக் கேட்ட பண்டமே தட்டுக்கு வரும். அப்போது அவர்கள் அறிந்திருந்தவை சோறு, முட்டை, தண்ணீர். ஆகவே சோற்றையும் முட்டையையும் உண்டு, தண்ணீர் குடித்தார்கள்.

அவருடைய மனைவி ஜைனம்பு என் கடைக்கே வந்து முறையிட்டார்: “பாத்தியளா அண்ணாச்சி, ஆணம் அடுப்புல கொதிக்கி. பேரு தெரியலன்னு சோத்துல ஊத்தக் கூடாதாம்!”

மகள் சபீனாவோ, “வாப்பா, ஐ ஆம் ஸ்டார்விங்!” என்பாள்.

“அதையே சைனீஸ்ல சொல்லும்மா, உடனே போடுறேன்.”

ஜைனம்பு பொறுத்துப் பார்த்தார். பிறகு ஆசிரியையைத் தொலைபேசியில் பிடித்தார். வெங்காயம், மிளகாய், ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா’ என ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாடம் செய்தார். ஆட்டிறைச்சிக்குப் பெயர் கிடைத்த மாலையில் அவ்வீட்டில் எழுந்த ஆரவாரம் பக்கத்துக் குடியிருப்புவரை கேட்டது.

விருந்து நாள் வந்தது. பரிமாற உதவ நானும் சென்றிருந்தேன். மேலாளரும் ஷாங்காய் அதிகாரியும் அமர்ந்தனர். கோட்டு அணிந்த பாய், மனப்பாடம் செய்த வரவேற்புரைக்காக வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. சபீனா ஒரு ‘ஹாய்’ சொல்லிவிட்டு அறைக்குள் மறைந்தாள். மேலாளரின் புருவம் மெல்ல உயர்ந்தது. பாயின் வேலை அந்தப் புருவத்தில் தொங்கியது.

அப்போது பிரியாணிச் சட்டியோடு ஜைனம்பு வந்தார். இது ஆட்டிறைச்சி, சாப்பிடுங்கள், இவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, மிளகாய் காரம், தண்ணீர் குடியுங்கள் என்று சீனத்தில் பொழிந்து தள்ளினார். அமெரிக்கா வந்த நாள்முதல் சாண்ட்விச்சோடு காலந்தள்ளிவந்த அந்த அதிகாரி தலைநிமிர்ந்தார். அவர் போதுமென்று கையால் தட்டை மறிக்க, ஜைனம்பு விரலிடுக்கு வழியே வைத்தார். இறுதியில் அதிகாரி மேலாளரிடம் ஆங்கிலத்தில், “இவர்களை உடனே அனுப்புங்கள்” என்றார்.

மறுநாள் பாய் கடைக்கு வந்தார். “ஃபேமிலியே பேசும்னு சொன்னேன்லா!”

“நீங்க வாயே தெறக்கலையே பாய்?”

“நான் மேனேஜ்மென்ட், அண்ணாச்சி.”

ஷாங்காய் சென்ற சில மாதங்களில் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தார். குரலில் சோர்வு. “ஆபீஸ்ல எல்லாரும் என்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசுறாங்க அண்ணாச்சி. வீட்டுல அவ பேசுறா, பிள்ளை பேசுது. நான் படிச்சத யார்கிட்ட பேச?”

“என்கிட்ட பேசுங்க பாய்.”

பேசினார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. வாடிக்கையாளர்கள் வரிசையில் காத்திருக்க, நான் ‘உம்’ கொட்டிக்கொண்டே நின்றேன். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, “அப்புறம்?” என்றேன்.