கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு புது மாப்பிள்ளை

கல்யாணமான புதிதில் ஆண்களுக்கு ஒரு தலைக்கனம் வரும். மனைவியை முழுசாகப் புரிந்துகொண்டுவிட்டோம் என்ற தலைக்கனம். காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு போடுவாள், கோபம் வந்தால் முதலில் எந்தப் பாத்திரம் உருளும் என்று நாலு விஷயம் தெரிந்ததும், "எம்பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவோம். அப்படித் திரிந்த என்னைச் சென்னை எழும்பூர் ஹாக்கி மைதானத்தில் நன்றாகத் துவைத்துக் காயப்போட்டார்கள்.

திண்டுக்கல்லில் எனக்குப் பெயின்ட் கடை. என் மனைவி பிலோமினா எங்கள் மாவட்டப் பெண்கள் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். பெண் பார்க்கப் போன அன்றே, காப்பித் தட்டை நீட்டியபடி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "கல்யாணத்துக்கு அப்புறமும் வெளாட விடுவீங்களா?" என்பதுதான். ஹாக்கியைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் மட்டை வளைந்திருக்கும் என்பது மட்டுமே. இருந்தாலும் அவள் கேட்ட அழகில், "தாராளமா" என்று சொல்லிவிட்டேன். (காப்பியில் உப்பு போட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.)

என் அம்மாவுக்குத்தான் இது பிடிக்கவே இல்லை. "மருமக வந்து அடுப்படியில நிப்பான்னு பாத்தா, கோலுல நிக்கப் போறேங்கிறா. எவளாச்சும் கட்டையால அடிச்சு மூஞ்சி கீஞ்சி வீங்கிப் போச்சுன்னா யாருடா சமந்திக்குப் பதில் சொல்றது?" என்று தினமும் ஒரு பாட்டம் புலம்பித் தீர்ப்பார். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி சென்னையில் நடக்கிறது. அதில்தான் மாநில அணிக்கு ஆள் எடுப்பார்கள். அதில் பிலோவை எடுத்தால் அவள் தொடர்ந்து விளையாடலாம். எடுக்காவிட்டால் மட்டை பரணுக்குப் போய்விட வேண்டும்.

"சரி அத்தை" என்று பிலோ தலையாட்டிவிட்டாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் பார்த்தேன்.

எங்கள் ஊர் அணி இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது என்று பிலோ சென்னையிலிருந்து போன் செய்தாள். "நீங்க வாரீங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவளே, "கடைய விட்டுட்டு எப்பிடி வருவீங்க, பரவால்ல" என்றாள். அந்தப் 'பரவால்ல' என்னை ரயிலில் ஏற்றிவிட்டது.

விடிந்ததும் எழும்பூரில் இறங்கினேன். ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார்.

"எங்க சார் போவணும்?"

"ஸ்டேடியம்."

"எந்த ஸ்டேடியம் சார்?"

எங்கள் ஊரில் இப்படி ஒரு கேள்வியே எழாது. ஸ்டேடியம் என்றால் ஸ்டேடியம்தான், ஒன்றே ஒன்று. சென்னையில் கிரிக்கெட்டுக்கு ஒன்று, கால்பந்துக்கு ஒன்று, டென்னிசுக்கு ஒன்று, நீச்சலுக்குத் தனியாக ஒன்று என்று இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? ஊர் தெரியாதவன் என்று காட்டிக்கொள்ளவும் மனமில்லை. "பெரிய ஸ்டேடியம்தாங்க" என்றேன், அடிக்கடி வந்து போகிறவன் மாதிரி. அவர் நேராகக் கொண்டுபோய்ச் சேப்பாக்கத்தில் இறக்கினார். கடற்காற்று முகத்தில் அடித்தது. கிரிக்கெட் மைதானத்தின் கேட் பூட்டியிருந்தது. காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஹாக்கியா? அது எழும்பூராச்சே. எங்கேர்ந்து வர்றீங்க?"

"எழும்பூர்ல இருந்துதான்" என்றேன்.

அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

வேறொரு ஆட்டோவில் திரும்பி வந்து பார்த்தால், ஹாக்கி மைதானம் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருந்தது. உள்ளே போனதும் அசந்துவிட்டேன். மைதானம் நீல நிறம்! புல் நீலமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதற்குக் குழாய் வைத்துத் தண்ணீர் வேறு பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பகுதியில் குடிக்கவே தண்ணீர் வராத நாட்களெல்லாம் நினைவுக்கு வந்து மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பக்கவாட்டு காலரியில் திண்டுக்கல்லிலிருந்து வந்த பெற்றோர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காதர் பாய். எங்கள் தெருக்காரர், தோல் வியாபாரம். அவர் மகள் நஸீமாதான் எங்கள் அணியில் கோல் போடுகிற பெண். "வாங்க மாப்ள, இங்கன உக்காருங்க" என்று கூப்பிட்டார். "இல்ல பாய், நான் பிலோ கிட்டக்க உக்காந்துக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அவள் நின்றிருந்த கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தேன். அந்த ஒரு முடிவில்தான் எல்லாம் போயிற்று.

பிலோவை அப்போதுதான் ஆட்ட உடையில் முதன்முதலாகப் பார்த்தேன். கால்களில் மெத்தை மெத்தையாகக் காப்பு, கையில் தலையணை மாதிரி உறை, முகத்தை மூடிய கம்பி வைத்த ஹெல்மெட், ஆரஞ்சு நிறச் சட்டை. புடவையில் மட்டுமே பார்த்துப் பழகிய பெண்ணா இது? பந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி வந்தது. காலை நீட்டிப் படுத்துத் தடுத்தாள். என்னையறியாமல் எழுந்து நின்று கத்திவிட்டேன்.

"அப்பிடித்தான் தங்கம்! விடாத தங்கம்!"

தங்கம் என்பது வீட்டில், அதுவும் கதவைச் சாத்திய பிறகு, நான் அவளைக் கூப்பிடுகிற பெயர். உற்சாகத்தில் எழும்பூர் வரைக்கும் வந்துவிட்டது. பிலோ திரும்பிப் பார்த்து, மட்டையை ஆட்டி "சும்மா இருங்க" என்று சைகை காட்டினாள். வெட்கம் போலும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தின் முதல் பாதி முழுக்க நான் அவளை மட்டும்தான் பார்த்தேன். மற்ற பெண்கள் என்ன நிறத்தில் ஓடினார்கள் என்றுகூடக் கவனிக்கவில்லை. நிறம் விற்றுப் பிழைக்கிறவன் நான்! ஒருமுறை காதர் பாய் கூட்டம் துள்ளிக் குதித்தது. நஸீமா அந்தக் கோடியில் ஒரு கோல் போட்டுவிட்டாள் என்று புரிந்தது. நானும் குதித்தேன்.

இடைவேளை விட்டார்கள். ராத்திரி ரயிலில் வந்த வயிறு கூவியது. வெளியே போய் டீயும் போண்டாவும் சாப்பிட்டு, செத்த நேரம் கால் ஆற்றிவிட்டு வந்தேன். அதற்குள் ஆட்டம் ஆரம்பித்திருந்தது. அதே இடம், அதே கோல், அதே ஆரஞ்சு சட்டை. "தங்கம், வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்தேன்.

இந்த முறை அவள் மட்டையை ஆட்டி அதட்டவில்லை. திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினாள். வெட்கம் தெளிந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி.

அதன் பிறகு அவள் ஆடியது ஆட்டமே வேறு. நான் கத்தக் கத்த, பாய்ந்து பாய்ந்து தடுத்தாள். எதிரணியில் ஒல்லியாக ஒரு பெண் விடாமல் பந்தைக் கொண்டுவந்துகொண்டே இருந்தாள். "அந்த ஒல்லிக்குச்சிய உள்ள விடாத தங்கம்!" என்று கத்தினேன். தங்கமும் விடவில்லை. பக்கவாட்டிலிருந்து காதர் பாய் எழுந்து நின்று இரண்டு கைகளையும் என்னை நோக்கி ஆட்டினார். நானும் பதிலுக்கு இரண்டு கைகளையும் ஆட்டினேன்.

பிறகு அந்தக் கோடியில் இன்னொரு கோல் விழுந்தது. யாரோ ஒரு கோல்கீப்பர் பாவம், தரையில் குப்புறக் கிடந்தாள். நான் விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். என் கணக்குப்படி நாங்கள் இரண்டு கோல் முன்னிலை. காதர் பாய் தலையில் கையை வைத்துக் குனிந்திருந்தார். மனுஷன் சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்து நீண்ட விசில் ஊதியதும், "ஜெயிச்சாச்சு!" என்று பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் சுண்டலைப் பத்திரப்படுத்திக்கொண்டு சொன்னார்.

"யார் சார் ஜெயிச்சது? ஒண்ணுக்கு ஒண்ணு. சமமாத்தான் இருக்கு. இனிமே ஷூட்-அவுட் வைப்பாங்க, ஒவ்வொருத்தியா தனியா வந்து கோல் போடணும்."

"எப்பிடிங்க? நாங்க ரெண்டு கோலும் அந்தப் பக்கத்துல போட்டோமே."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஹாஃப் டைம்ல சைடு மாத்துவாங்க சார்."

அப்படியானால் இடைவேளைக்கு அப்புறம் நான் கத்தியதெல்லாம் யாருக்கு?

ஷூட்-அவுட்டை என் முன்னால் இருந்த கோலிலேயே வைத்தார்கள். அந்தக் கோடியிலிருந்த கோல்கீப்பர் நடந்து வந்தாள். அவளுக்கும் ஆரஞ்சு சட்டை. (அருகருகே பார்த்தால் ஒன்று கொஞ்சம் செங்கல் கலந்தது. அதை அப்போது கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்?) நான் இவ்வளவு நேரம் கொண்டாடிய தங்கம் வேர்வை துடைப்பதற்காக ஹெல்மெட்டைக் கழற்றினாள். கிராப் வெட்டிய தலை, பளீரென்ற பல்வரிசை. நான் என் வாழ்நாளில் பார்த்திராத முகம். என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

இன்னொருத்தி ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை. இடுப்பில் ஒரு கையை வைத்து, தலையை லேசாகச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிலையை எனக்கு நன்றாகத் தெரியும். நான் பால் பாக்கெட் வாங்க மறந்து வருகிற நாட்களில் வாசலில் பார்க்கிற நிலை.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேருமே உயிரைக் கொடுத்துத் தடுத்தார்கள். கடைசியில் நஸீமா கொண்டுபோன பந்தை அந்தக் கிராப்புக்காரி படுத்து உருண்டு வெளியே தள்ளினாள். நாங்கள் தோற்றோம்.

காதர் பாய் என்னிடம் வந்தார். நிதானமாகக் கேட்டார். "ஏன் மாப்ள, ஒரே தெருவுல இருக்கோம். எம்புள்ள மேல உங்களுக்கு அம்புட்டு என்ன கோவம்? ஒல்லிக்குச்சின்னு வேற சொல்றீக."

அவருக்குப் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் வேலி ஓரமாக ஓடி வந்தாள். "அண்ணே, ரொம்பத் தாங்க்ஸ்ணே. எம்பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேரா?"

"தங்கமாரிண்ணே. கோவில்பட்டிப் பக்கம். எங்க வீட்டுல எல்லாரும் தங்கம்னுதான் கூப்பிடுவாங்க. எங்கப்பா செத்ததுக்கு அப்புறம் நான் வெளாடுறத பாக்க ஒருத்தரும் வந்ததில்ல. இன்னைக்கு யாரோ எம்பேரச் சொல்லிக் கத்துறாங்களேன்னு…" சொல்ல வந்ததை முடிக்காமல் உறை மாட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்தாள். உறையில் இருந்த தண்ணீரில் முகம் இன்னும் ஈரமானதுதான் மிச்சம்.

என்ன சொல்வது? ஆள் மாறிப் போச்சும்மா என்றா? பின்னால் பிலோ வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது, கண் கலங்கியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். போச்சு, இங்கேயே வைத்து உடைக்கப் போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இவரு எங்க வீட்டுக்காரருதான்" என்றாள் பிலோ. "யாரு நல்லா ஆடுனாலும் பேரக் கேட்டு வச்சுக்கிட்டுக் கத்துவாரு. நீ சூப்பரா தடுத்த தங்கம்."

அந்த இடத்தில் அவள் காலில் விழலாம் என்று தோன்றியது. காலில் காப்பு இருந்ததால் விழவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வரும் ரயிலில் செங்கல்பட்டு வரைக்கும் பிலோ பேசவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வாங்கிக் கொடுத்த முறுக்கைக்கூடத் தொடவில்லை. பிறகு அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறாள் என்று பதறி, "பிலோ, மன்னிச்சிரு, நான் வேணும்னு பண்ணல" என்றேன். திரும்பினாள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்து வைத்திருந்தாள்.

"நான் கோல விட்டுட்டுக் கெடக்கேன். மைதானமே அமைதியா இருக்கு. ஒரே ஒரு விசில் சத்தம். யாருடா இதுன்னு தலையத் தூக்கிப் பாத்தா, நீங்க!"

அதற்குப் பிறகு விழுப்புரம் வரைக்கும் அவள் சிரிப்பு நிற்கவில்லை. எதிர் இருக்கைக்காரர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "கட்டுனவள அடையாளம் தெரியலயா ஒனக்கு? அந்தப் புள்ள அம்புட்டு தூரம் போயி ஒத்தையில நிக்கிது, நீ அடுத்தவளுக்குக் கை தட்டிட்டு வந்திருக்க! இனி அவ எங்க வெளாடப் போனாலும் நான் போறேன். ஒன்னைய நம்பி அனுப்ப முடியாது." பரண், மட்டை என்ற பேச்சையே அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. மாநில அணிக்கு ஆள் எடுத்தபோது இரண்டு கோல்கீப்பர்கள் தேவைப்பட்டார்கள். பிலோவையும் தங்கமாரியையும் எடுத்தார்கள். இருவருக்கும் ஒரே அறை. உண்மையை பிலோ முதல் நாளே போட்டு உடைத்துவிட்டாளாம். தங்கமாரி கட்டிலிலிருந்து கீழே விழுந்து சிரித்ததாகக் கேள்வி.

அம்மா சொன்னபடி செய்தார். இன்றைக்கு எங்கள் வீட்டில் ஹாக்கி விதிகள் முழுவதும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நடுவர் தப்பாக விசில் ஊதினால் எழுந்து நின்று நியாயம் கேட்கிற அளவுக்குப் போய்விட்டார்.

போன வருஷம் தங்கமாரிக்குக் கல்யாணம். நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். அவள் என்னை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய், "இவங்கதான் அந்த அண்ணே" என்று மாப்பிள்ளையிடம் அறிமுகப்படுத்தினாள். அவர் கொஞ்சம் இறுக்கமான ஆள் போல. என் கையைப் பிடித்தவர் விடாமல், "ஓ, அத்தனை பேருக்கு முன்னால எங்க வீட்டுக்காரிய தங்கம் தங்கம்னு கூப்பிட்டது நீங்கதானா?" என்றார்.

நான் கையை மெல்ல உருவப் பார்த்தேன். பிலோதான் நடுவில் வந்தாள்.

"நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க தம்பி. இவருக்கு ஆளே தெரியாது."

மாப்பிள்ளை ஒரு கணம் விழித்தார். பிறகு மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். போட்டோ எடுக்கிறவர் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். பிலோ என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, என் காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

"நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். சரியா?"