லெப்டொப்புக்குத் தொண்ணூற்றேழு பாகைக் காய்ச்சல்

"ஊரே குளிர்ல வெறைச்சுப் போய்க் கெடக்கு. ஒங்க மேசையில மட்டும் அடுப்பு எரியுது. சரி, எரியுற அடுப்புல ஒரு கேத்தல் தண்ணியாவது கொதிக்குதா? அதுவும் இல்ல."

நாகலெட்சுமி இதைச் சொன்னது அந்த வாரத்தில் நான்காவது தடவை. நான்கு தடவையும் ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. கொன்வென்ட்டில் மனப்பாடம் பண்ணி வளர்ந்தவள். சண்டையையும் ஒப்புவித்துத்தான் பழக்கம்.

"அடுப்பு இல்ல லெட்சுமி. லெப்டொப்பு," என்றார் கணவர் முத்துலிங்கம்.

"அடுப்புன்னா அணைச்சா அணையும். இது அணைச்ச பெறகும் அஞ்சு நிமிசம் பெருமூச்சு விடுது. ஒங்கள மாதிரியே."

முத்துலிங்கம் பெருமூச்சு விடப் போனவர், அதை விழுங்கிக்கொண்டார்.

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் உதவி டீமேக்கர். இருபத்திரண்டு வருடமாகப் பெக்டரி மேல்மாடியில் கொழுந்து வாட்டுவதுதான் உத்தியோகம். பெரிய காத்தாடியைப் போட்டு, எத்தனை பாகைச் சூட்டில் எத்தனை மணித்தியாலம் காற்று விட்டால் இலையில் எவ்வளவு ஈரம் போகும் என்று பார்த்துப் பொஸ்தகத்தில் எழுதுவார். விடிய முன்னம் போவார். மத்தியானம் வருவார். வரும்போது கொழுந்தைவிட அவர்தான் நன்றாக வாடியிருப்பார்.

இந்த வாட்டத்துக்கெல்லாம் மருந்து ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை பின்னேரம் அவர் லொறி ஓட்டுவார்.

லொறி லெப்டொப்புக்குள் ஓடும். கொழும்பில் கணினி வேலை பார்க்கும் நாகலெட்சுமியின் தம்பி ஜீவராஜ், புதிது ஒன்று வாங்கியதும் பழையதை அக்கா வீட்டுக்குத் தள்ளிவிட்டான். கேம் விளையாடவென்றே செய்தது, அம்மிக்கல் பாரம். அதில் ஐரோப்பாவின் பெருந்தெருக்களில் சரக்கு ஏற்றிப் போகும் விளையாட்டு. ஐந்து பேர், ஐந்து வீடுகளில் இருந்தபடி, இணையத்தில் வரிசையாக ஐந்து லொறி. முன்லொறி, றொசல்லப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் சுதாகரன் மாஸ்டருடையது. அவர்தான் தலைவர். முத்துலிங்கத்தின் லொறி இரண்டாவது. காதில் மாட்டிய கருவியில் ஐவரும் பேசிக்கொண்டே போவார்கள்.

"காஸ் சிலிண்டரைத் திண்ணைக் கல்லு வரைக்கும் உருட்டி வரச் சொன்னா இடுப்பு வலி," என்று நாகலெட்சுமி அடுத்த வீட்டு ஜீவராணி டீச்சரிடம் சொல்வாள். "இருபது டன் இரும்பை ஏத்திக்கிட்டு ஜெர்மனிக்குப் போறதுக்கு மட்டும் எந்த வலியும் இல்ல."

ஆனால் ஜெர்மனிக்கு அவர் போய்ச் சேர்ந்ததில்லை. அரை மணித்தியாலம் ஓடியதும் லெப்டொப்புக்குத் தொண்ணூற்றேழு பாகை காயும். படம் உறையும். லொறி நடுரோட்டில் நிற்கும். பின்னால் வரும் மூன்று லொறியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பிறகு லெப்டொப், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் அணைந்துவிடும். மூன்று சனிக்கிழமை இப்படி. மூன்றாவது சனிக்கிழமை சுதாகரன் மாஸ்டர் போன் எடுத்தார்.

"முத்து அண்ணே, மரியாதையாச் சொல்றேன். இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன். அதுக்குப் பெறகும் நடுரோட்டுல நின்னீங்கன்னா, ஒங்களைக் கூட்டத்துலயிருந்து எடுத்துடுவேன். இன்னைக்குப் பின்னால வந்த மூணு லொறியிலயும் முட்டை."

முத்துலிங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெக்டரியில் துரை சொல்வதைக் கேட்கிறார். வீட்டில் லெட்சுமி சொல்வதைக் கேட்கிறார். உலகத்திலேயே அவர் திருப்பினால் திரும்புகிற ஒன்று அந்த லொறியின் சுக்கான்தான். அதையும் பறிகொடுப்பதா?

"இருபத்திரண்டு வருசமாச் சூட்டோட குடித்தனம் நடத்துறவன் நான்," என்று அறிவித்தார். "இந்தச் சூட்டை நான் எறக்குறேன்."

"சூட்டோட குடித்தனம்னு யாரைச் சொல்றீங்க?" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

"பெக்டரியை," என்றார் அவசரமாக.

ஞாயிற்றுக்கிழமை லெப்டொப்பின் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே காற்று போகிற வழியெல்லாம் பழுப்பு நிறத்தில் பஞ்சு அடைத்திருந்தது.

"லெட்சுமி, இங்க பாரேன். பூராத் தேயிலைப் பஞ்சு."

"பெக்டரிச் சட்டையோட வந்து குந்தினா வேற என்ன இருக்கும், ரோசாப்பூவா? வழிச்சு ஊத்திக் குடிங்க. நல்லாச் சாயம் எறங்கும்."

வழித்தார். குடிக்கவில்லை. தொண்ணூற்றேழு தொண்ணூற்றிரண்டாயிற்று. பின்பக்கம் இரண்டு மரக்கட்டையை அண்டக் கொடுத்து, அடிவயிற்றுக்கும் காற்றுப் போக வழி செய்தார். எண்பத்தொன்பது. நுவரெலியாவில் ஒரு கடையில் கொடுத்து, உள்ளே காய்ந்துபோயிருந்த, சூடு கடத்தும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப்பசை பூசுவித்தார். எண்பத்துநான்கு. ஒரு செக்கனுக்கு அறுபது படம் காட்டியதை நாற்பதாகக் குறைத்தார். எழுபத்தொன்பது. எல்லாவற்றையும், பெக்டரியில் எழுதுகிற மாதிரி, திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதினார்.

நடுவில் ஒருநாள் அதிபுத்தி ஒன்று வந்தது. கந்தப்பளைக் குளிர் சும்மாதானே வெளியே நிற்கிறது என்று ஜன்னலைத் திறந்து, லெப்டொப்பைக் காற்றுக்குக் காட்டினார். குளிர் வந்தது. கூடவே மூடுபனியும் வந்தது. பத்து நிமிடத்தில் எழுத்துக் கட்டைகளின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர்.

நாகலெட்சுமி ஒரு துவாயை அவர் மடியில் போட்டாள். "மிஸ்ட் வருது, ஜன்னலைச் சாத்துங்கன்னு பெக்டரி மாடியில நின்னு கத்துறது இங்க வரைக்கும் கேக்கும். ஊருக்குத்தான் உபதேசமா?"

அவர் துடைத்தார். துடைத்தபின் ஜன்னலைச் சாத்தினார்.

ஒரு வாரம் சோதித்துப் பார்த்தார். திங்கள் எழுபத்தொன்பது. புதன் எழுபத்தெட்டு. வெள்ளி எழுபத்தொன்பது. மனிதருக்கு நடையிலேயே ஒரு மிடுக்கு வந்தது. சனி வந்தது. லொறி புறப்பட்டது. தொண்ணூற்றைந்து.

எப்படியோ நொண்டி நொண்டி ஓட்டி முடித்தார். மறுவாரமும் அதே கதை. வாரநாளில் பச்சைப்பிள்ளை, சனிக்கிழமை ராட்சசன். கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் கண்தான் வலித்தது. சுதாகரன் மாஸ்டர் காதுக்குள் எதுவும் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் பேசாமல் இருந்தால் மனதுக்குள் கழித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த இரண்டு வாரமும் அவருக்கு ஆறுதலாக இருந்தது ஞாயிறு காலை இட்லிதான்.

இதை விளங்கிக்கொள்ள, நுவரெலியாக் குளிரில் மாப் புளிக்க வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு அரைத்த உளுந்து மா, பொங்குவதா வேண்டாமா என்று நாளை மறுநாள்தான் யோசிக்கத் தொடங்கும். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நாகலெட்சுமியின் இட்லியை முத்துலிங்கம் 'சவுக்காரக் கட்டி' என்றுதான் சொல்லி வந்தார். அந்த இட்லி இப்போது தட்டில் வைத்தால் பஞ்சுபோல் அமுங்கி எழும்பியது. பெக்டரியில் ஆளாளுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டார். வீட்டிலும் வாய்விட்டுப் புகழ்ந்தார். நாகலெட்சுமி, "எல்லாம் ஒங்க தயவுதான்," என்று அடக்கமாகச் சொன்னாள். அந்த அடக்கத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

அதற்கடுத்த சனிக்கிழமை வந்தது. சுதாகரன் மாஸ்டர் கொடுத்த தவணை முடிகிற நாள். தொண்ணூற்றுநான்கு, தொண்ணூற்றைந்து என்று ஏறிக்கொண்டிருந்தது. காற்று வெளியே போகிறதா என்று பார்க்க, ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மறு கையை லெப்டொப்புக்குப் பின்னால் விட்டார். பூவேலை செய்த துணி ஒன்று கையில் பட்டது. நாகலெட்சுமி டிவிக்கும் போர்த்துவாள், ரைஸ் குக்கருக்கும் போர்த்துவாள். இருபது வருடத்தில் எந்தத் துணிக்கடியில் என்ன இருக்கிறதென்று அவர் கேட்டதேயில்லை. இப்போது தூக்கிப் பார்த்தார்.

"லெட்சுமி, இது என்ன?"

"சட்டி."

"சட்டின்னு தெரியுது. உள்ளுக்கு?"

"மா."

"என் லெப்டொப் மூச்சு விடுற ஓட்டையில மாச்சட்டியை வெச்சு அடைச்சிருக்கே."

"அடைக்கல. சாத்தி வெச்சேன்."

"கொப்பி கொப்பியா எழுதி எனக்கு மண்டை காஞ்சு போச்சு."

"சும்மா வீணாப் போற சூடுதானே. ஒங்க மண்டையைக் காய வெச்சதுக்கு என் மாவைப் பொங்க வெச்சா தப்பா?"

"எடு அதை. இப்பவே எடு."

"எடுத்துடறேன்." அவள் சட்டியைத் தூக்கினாள். "நாளைக்குப் பாண். நேத்துப் பருப்பு இருக்கு. சூடு காட்டித் தர்றேன்."

முத்துலிங்கம் கடைப் பாண் ரொட்டியை நினைத்தார். நேற்றுப் பருப்பை நினைத்தார்.

காதுக்குள் சுதாகரன் மாஸ்டர் கேட்டார்: "முத்து அண்ணே, லொறி ஏன் தள்ளாடுது?"

"ஒன்னுமில்ல மாஸ்டர். ரோட்டுல ஒரு குழி," என்றார். பிறகு மைக்கைப் பொத்திக்கொண்டு, "லெட்சுமி, அதை ஒரு முழம் தள்ளி வை," என்றார்.

சூடு எண்பதுக்கு இறங்கியது. லொறி போய்ச் சேர்ந்தது. பதவி பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய வாட்டு மூளை முழுவேகத்தில் வேலை செய்தது. பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, பெக்டரியில் காற்றுப் போகிற கூடு மாதிரியே சின்னதாக ஒன்று செய்தார். லெப்டொப்பின் மூச்சு தடையில்லாமல் வெளியே வரும், பெட்டிக்குள் சட்டியைச் சுற்றிப் போகும், மறுபக்கத்தால் வெளியேறும். லெப்டொப்புக்கும் நிம்மதி, மாவுக்கும் நிம்மதி. தானும் வென்று பெண்சாதியையும் வெல்ல விட்ட உத்தமன் என்று தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் நாகலெட்சுமி ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் இரண்டு பிளேன்டீ.

"இதுல எதைப் போட்டா நல்லாச் சூடு ஏறும்?"

இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய வேலையைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. முத்துலிங்கம் உருகிப்போனார். விளையாட்டுக்குள் மழையைப் போட்டால் ஏறும், நிழலை முழுசாகப் போட்டால் ஏறும், குறைத்து வைத்த படத்தைக் கூட்டினால் இன்னும் ஏறும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அவள் தலையாட்டிக் கேட்டாள். இரண்டு இடத்தில் மறுபடியும் சொல்லச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்து உட்கார்ந்தபோது மழை, நிழல், படம் எல்லாம் உச்சத்தில் இருந்தன. மேசையில் அட்டைப்பெட்டி இரண்டாகியிருந்தது. சட்டியும் இரண்டு.

"இது யாரோடது?"

"ஜீவராணி டீச்சரோடது. பாவம், அவ வீட்டுல லெப்டொப் இல்ல."

நாலு மணிக்கு வரிசை ஊர் போய்ச் சேர்ந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். முத்துலிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"எங்க எந்திரிக்கிறீங்க? டீச்சர் மா இன்னும் பாதிதான் பொங்கியிருக்கு."

"எல்லாரும் போயிட்டாங்க லெட்சுமி."

"தனியாப் போங்களேன். வழி தெரியாதா?"

வெறும் லொறியை ஓட்டிக்கொண்டு, சரக்கும் இல்லாமல், சனமும் இல்லாமல், போலந்து நாட்டு மழையில் ஆறு மணிவரை போனார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கண் செருகியது. செருகும்போதெல்லாம் லொறி புல்லில் இறங்கியது. புல்லில் இறங்கினாலும் சூடு குறையவில்லை என்பதால் நாகலெட்சுமி ஒன்றும் சொல்லவில்லை.

வாரம் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இந்தச் சனிக்கிழமை குட்டிப் பயணமாகப் போடச் சொல்லி மாஸ்டரிடம் கேட்பது. மூன்று மணிக்கே முடிந்ததும், இணையம் போய்விட்டது என்று சொல்லிப் படுப்பது. ஆனால் காதில் மாட்டியதுமே மாஸ்டர் முந்திக்கொண்டார். வழமையான கம்பீரம் இல்லை. பத்தாம் வகுப்புக் கொப்பி நாற்பதையும் திருத்தி முடித்தவர் குரல்.

"இன்னைக்கு நீட்டுப் பயணம். ஆறரை மணி வரைக்கும் ஓட்டம். எல்லாரும் மழையும் நிழலும் முழுசாப் போட்டுக்கங்க. யாரும் எடையில நிப்பாட்டக் கூடாது."

"ஏன் மாஸ்டர்?"

மாஸ்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. சுதர்ஷினி. மாஸ்டரின் மனைவி, நாகலெட்சுமியோடு கொன்வென்ட்டில் ஒரே வாங்கில் இருந்தவள்.

"லெட்சுமி அனுப்பின படத்துல இருக்கிற மாதிரியே பெட்டியை ஒட்டிட்டேன். சட்டி அசையாமப் பார்த்துக்கங்க. ஆறரைக்கு முன்ன எந்திரிச்சீங்கன்னா நாளைக்குப் பாண்தான்."

மற்ற மூன்று வீடுகளிலிருந்தும் ஆளாளுக்குச் சட்டி மூடுகிற சத்தம் கேட்டது.

ஐந்து லொறியும் மழைக்குள் இறங்கின. ஒரு மணித்தியாலம் ஓடியது. யாரோ ஒருவர் கொட்டாவி விட்டார். அது நான்கு வீட்டுக்கும் தொற்றியது. முத்துலிங்கத்தின் மேசையில், மூன்றாவதாக வந்து சேர்ந்த சட்டி மெல்ல மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தது. லெப்டொப் எண்பத்தேழில் நின்றது. அணைந்துபோகிற குணமே அதற்கு இல்லை இப்போது. அவர் செய்த வைத்தியம் அப்படி.

"மாஸ்டர்," என்றார், நாகலெட்சுமிக்குக் கேட்காத குரலில், "அன்னைக்குச் சொன்னீங்களே... என்னையக் கூட்டத்துலயிருந்து எடுத்துடுங்களேன்."

ஐந்து லொறியும் வரிசை குலையாமல் போய்க்கொண்டிருந்தன.