பதினோரு குறைகள்

தீயணைப்பான் இருக்கும் இடத்தைக் காட்ட, சுவரில் சிவப்பு அம்பு வரைந்திருந்தது. அம்பு காட்டிய இடத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் வாளிகள்தான் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, ஆள் உயரத்துக்கு, நாற்பது அடுக்கு.

"தீயணைப்பான் எங்கே?" என்று கேட்டாள் 'சரிங்க மேடம்'.

"பின்னாடி இருக்கும்மா" என்றார் மேனேஜர்.

"தீப்பிடிச்சா எப்படி எடுப்பீங்க?"

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "வாளிதான் நிறைய இருக்கே. தண்ணி ஊத்திக்கலாம்."

வேறு நாளாக இருந்தால் அவள் "சரிங்க" என்று சொல்லி நகர்ந்திருப்பாள். எதற்கும் அப்படிச் சொல்லிச் சொல்லியே தலைமை அலுவலகத்தில் அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. இதுவரை இரண்டு கிளைகளில் பாதுகாப்பு ஆடிட் செய்திருந்தாள். இரண்டு அறிக்கையிலும் ஒரே வரி: குறை ஏதும் இல்லை.

அதிகாரி கூப்பிட்டுவிட்டார். "நம்ம கம்பெனியை நாமே துருவிப் பார்க்கத்தான் உன்னை அனுப்பறேன். நீ நலம் விசாரிச்சுட்டு வர்றே. இந்தத் தடவை பத்துக் குறையாவது எழுதிட்டு வா. இல்லேன்னா பழையபடி தபால் பிரிக்கப் போயிடு."

வீட்டில் கணவன் வேறு, "உன் கண்ணுக்கு எங்கே குறை தெரியப்போகுது? பன்னிரண்டு வருஷமா என்கிட்டயே ஒண்ணும் கண்டுபிடிக்கலையே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பே ஒரு குறைதான் என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஆகவே இன்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தாள். இந்தக் கிளைக்கு இதுதான் முதல் வருகை. முதல் குறை அலுவலக அறையிலேயே கிடைத்துவிட்டது. கம்பெனியின் பாதுகாப்புக் கொள்கையைக் கேட்டால், கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். வாசலில் பெயர்ப் பலகையைக்கூடப் பெயின்ட் அடிக்கக் கழற்றியிருந்தார்கள்.

"குறை ரெண்டு" என்று வாளிகளைப் பார்த்தபடி எழுதினாள்.

"உடனே நகர்த்திடறோம்மா" என்றார் மேனேஜர்.

நாலு பேர் ஓடிவந்து வாளிகளை எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள். தீயணைப்பான் பளிச்சென்று தெரிந்தது. எதிர்ச் சுவரிலிருந்த அவசர வழிக் கதவு மறைந்துபோனது.

"குறை மூணு."

வாளிகள் அங்கிருந்தும் கிளம்பி மெயின் ஸ்விட்ச் போர்டின் முன்னால் போய் நின்றன.

"ஷாக் அடிச்சா யார் போய் அணைப்பாங்க? குறை நாலு."

"வேற எங்கேதாம்மா வைக்கிறது?"

"அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்றாள். இப்படிக்கூடத் தன்னால் பேச முடிகிறதா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. வாய் ருசி கண்டுவிட்டது. இயந்திரத்தின் மூடியைக் காணோம், காதில் வைக்க வேண்டிய அடைப்பான் ஆணியில் தொங்குகிறது, ஏணிக்கு ஒரு கால் குட்டை என்று மளமளவென்று ஒன்பது வரை வந்துவிட்டாள்.

"பன்னிரண்டு மணிக்கு அபாய மணி அடிங்க. எல்லாரும் எவ்வளவு நேரத்துல வெளியே வர்றாங்கன்னு பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, முதலுதவி அறைக்குள் தனியாகப் போனாள். பெட்டியைத் திறந்தாள். ஒரு சீப்பு, மூன்று சட்டைப் பொத்தான்கள், காலாவதியான கண் மருந்து.

"பத்து" என்று எழுதி அடிக்கோடு போட்டபோது, தபால் மேசை கண்ணைவிட்டு அகன்றது.

அப்போது மணி அடித்தது. கதவைத் தள்ளினாள். அசையவில்லை. மேலே இருந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் எல்லாம் மஞ்சளாக இருந்தது. வாளிகளுக்கு ஒருவழியாக இடம் கிடைத்திருந்தது.

ஜன்னலுக்கு ஓடினாள். முற்றத்தில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்க, மேற்பார்வையாளர் அக்கா ஒவ்வொரு தலையாக எண்ணி முடித்தாள்.

"நூத்திப் பன்னிரண்டு பேரும் வந்தாச்சு. உள்ளே யாருமில்லை."

"மூணே நிமிஷம்" என்றார் மேனேஜர் பெருமையாக. "ஆடிட்டர் அம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க. எங்கே அவங்க?"

ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டது.

"இங்கே இருக்கேன். குறை பதினொண்ணு. வெளியாளை எண்ணவே இல்லை."

பதறிப்போன நாலு பேரும் கதவை விடுவிக்க வாளிகளை இழுத்தார்கள். அடியிலிருந்து இழுத்தார்கள். அடுக்கு சரிந்து, முதலுதவி அறை வாசலிலிருந்து கேட் வரைக்கும் வாளி உருண்டது. அவள் வெளியே கால் வைத்ததும் கடைசி வாளி தலையில் கச்சிதமாக வந்து கவிழ்ந்தது.

"ஹெல்மெட் போட்டிருக்கீங்கன்னு நினைச்சுக்கோங்கம்மா" என்றார் மேனேஜர் மெதுவாக.

வாளிக்குள்ளிருந்து அவள் சிரித்த சிரிப்பு கணீரென்று கேட்டது.

பிறகு எல்லாரையும் உட்காரவைத்துப் பதினோரு குறைகளையும் வாசித்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் அக்கா, "ஏழாவதை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றாள். மேனேஜரோ, "எப்படிச் சரிபண்றதுன்னும் சொல்லிக் குடுத்துடுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் பேச்சை இத்தனை பேர் இத்தனை கவனமாகக் கேட்டது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. இரண்டு மணி வரை சொல்லிக்கொடுத்தாள்.

புறப்படும்போது அதிகாரியிடமிருந்து போன் வந்தது.

"எங்கே போய்த் தொலைஞ்சே? கிளையில பத்து மணியிலேர்ந்து உனக்காகக் காத்துட்டிருக்காங்க."

"நான் கிளையிலதானே சார் இருக்கேன்? நீல கேட், வாளிக் கம்பெனி."

"நம்ம கிளையில வாளி இல்லைம்மா, துணி ஊறவைக்கிற டப்தான் செய்யறாங்க. பின்பக்கத் தெரு."

அவளுக்குக் காது மடல் சுட்டது. மேனேஜர் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை. வாட்ச்மேனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வழி கேட்டாள். அவர் பையை வாங்கிக்கொண்டு கூடவே வந்தார். தெரு திரும்பியதும் சரியான கேட் தெரிந்தது. அங்கே அவசர வழிப் பாதையில் மூன்று சைக்கிள்கள் நிற்பது தூரத்திலேயே அவள் கண்ணில் பட்டது. கை தானாகப் பேனாவைத் தேடியது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"உங்க மேனேஜர் பாவம். யாரோ ஒருத்தி வந்து காலையிலேர்ந்து விரட்டியிருக்கேன். தெரியாம நடந்துபோச்சுன்னு அவர்கிட்ட பக்குவமா சொல்லிடுங்க."

வாட்ச்மேன் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"அவருக்குக் காலையிலயே தெரியும்மா. நாளைக்கு எங்களுக்கு ஆடிட். 'அந்தம்மா வழி தவறி வந்திருக்காங்க, பார்த்து முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்காதீங்க'ன்னு சொல்லிட்டார்."